நன்மைக்குப் போகாத மூன்று ஞாயிறு

எங்கள் வீட்டில் ஆள் மூன்று பேர், பெயர் ஆறு.

பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் என் மகள் அம்சா. கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினால் அவள் செபமாலை. என் வீட்டுக்காரர் ரேஷன் கார்டில் சின்னதுரை, பூசைக்குப் போனால் அந்தோணிசாமி. நான் சர்க்காருக்குக் கெங்கம்மாள். மற்றபடி பிறந்ததிலிருந்து சவுரியம்மாள்தான். கெங்கம்மாள் என்று யாராவது கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்ப்பேன்.

திண்டிவனத்தில் எங்கள் காலனியில் பாதி வீட்டுக் கதை இதுதான். சேசுவைக் கும்பிடுகிறவன் என்று எழுதிக் கொடுத்தால் எஸ்.சி. என்கிற சலுகை கிடையாது, அது சட்டம். அதனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் வாத்தியாரே ஒரு பெயர் வைத்து, மதம் என்கிற இடத்தில் இந்து என்று போட்டுவிடுவார். நாங்களும் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்துவிட்டு வருவோம்.

இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ். கோயிலுக்குள்ளேயே ரொம்ப நாள் எங்களுக்குத் தனிப் பக்கம். சேசுவைக் கும்பிட்டதால் அந்த கிளாஸ் மாறிற்றா? இல்லை. அப்புறம் காகிதத்தில் மட்டும் ஏன் மாற வேண்டும்?

எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாசம் செபமாலைக்கு விழுப்புரத்திலிருந்து இன்டர்வியூ கடிதம் வந்தது. டீச்சர் டிரெய்னிங் முடித்து இரண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்த பெண். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஆதிதிராவிடப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் டீச்சர் வேலை. கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லி நாலு தரம் கேட்டேன். ஐந்தாவது தரம் அவளே சிரித்துவிட்டாள்.

அந்த வேலை எங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். அந்தோணிசாமி வேர்க்கடலை மண்டியில், எங்கள் பக்கம் மல்லாட்டை மண்டி என்போம், மூட்டை தூக்கினவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுக்கு சரிந்து முதுகில் விழுந்தது. அன்றையிலிருந்து கயிற்றுக் கட்டில்தான். பிடித்துக்கொண்டால் நிற்பார், விட்டால் சாய்வார். நான் அதே மண்டியில் மல்லாட்டை உரித்துக் கொண்டிருந்தேன். என் விரல் நுனியில் அப்போது நகமே கிடையாது. மகளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உரிக்கக் கூடாது என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆசை.

அவளும் நானும் பஸ் ஏறி விழுப்புரம் போனோம். ஆபீசில் இருந்த கிளார்க் அவளுடைய காகிதங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இந்த ஜாதி சர்டிபிகேட் பழசும்மா. தாசில்தார் ஆபீசுல புதுசா வாங்கிக்கினு வா. நேர்ல விசாரிச்சி எழுதினதா இருக்கணும். இப்பல்லாம் வீட்டுக்கே வந்து பாக்குறாங்க, சேசு படம் கீது மாட்டிக்கினு இருந்தா அவ்ளோதான்."

"எத்தினி நாளு சார் டயம்?"

"நாலாவது வெள்ளிக்கெழமை கடைசி. அதுக்கப்பறம் அடுத்த ஆளக் கூப்புட்டுடுவாங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் செபமாலை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் உத்தரியம் கிடந்தது, மாதா படம் தைத்த சின்னத் துணி. சின்னப் பிள்ளையில் கோயிலில் புதுநன்மை வாங்கின அன்று போட்டது, குளிக்கும்போதும் கழற்றமாட்டாள். அதை இரண்டு விரலால் பிடித்து உருட்டிக்கொண்டே வந்தாள். இந்தப் பெண்ணைத் தெரியும் எனக்கு.

மறுநாள் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் நானே சொல்லச் சொல்ல எழுத வைத்தேன். மதம், இந்து. கையெழுத்துப் போடு என்று பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அம்மா, ஸ்கூல்ல எழுதினது எனக்குத் தெரியாத வயசு. இது நானே போடற கையெழுத்து."

"போட்டா இன்னாடி? உள்ள இருக்கறது மாறிடுமா? வாயில ஒன்னு, மனசுல ஒன்னு. ஊரே அப்படித்தான் பொழைக்குது."

"எனக்கு ரெண்டும் ஒன்னாத்தாம்மா இருக்குது."

கோபம் தலைக்கு ஏறிவிட்டது எனக்கு. அந்த வாசலிலேயே, நாலு பேர் பார்க்க, தரையில் உட்கார்ந்து அழுதேன். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதேன். "உங்கப்பனுக்கு மருந்து வாங்கறதா, அரிசி வாங்கறதான்னு நிக்கறன்டி தெனமும். உன் நன்மைக்குத்தானடி இவ்ளோவும்!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். பேனாவை வாங்கினாள். அம்சா என்று போட்டாள்.

அந்த ஞாயிறு பூசையில் எல்லாரும் நன்மை வாங்க எழுந்தார்கள். எங்கள் பக்கம் நற்கருணை என்றெல்லாம் வாயில் வராது, நன்மைதான். செபமாலை எழுந்திருக்கவில்லை. முழங்காலிலேயே இருந்தாள். எனக்கு முன்னால் எழுந்து போகிற பெண் அவள். காய்ச்சலில்கூடப் போயிருக்கிறாள்.

"இன்னாடி, போவலியா?" என்று காதில் கேட்டேன்.

"எந்த மொகத்தோட போறது?"

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுப் போ."

"இனிமே செய்யமாட்டேன்னு சொன்னாத்தான் அங்க மன்னிப்பு. விசாரணைக்கு வர்ற வரைக்கும் நாம செஞ்சிக்கினுதானம்மா இருக்கப் போறோம்."

அவள் கேட்டுக்கொண்டதெல்லாம் ஒன்றுதான். "ஆபீசரு என்னை ஒன்னும் கேக்காம நீயே பேசிக்க. கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது. கேக்கலன்னா சும்மா இருக்கறேன்." சரி என்றேன். மாதாவே, அந்த ஆள் அவளை ஒன்றும் கேட்கக் கூடாது என்று ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டி ஜெபம் சொன்னேன். பொய்க்கு மாதாவைத் துணைக்குக் கூப்பிடுகிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது ஞாயிறும் அவள் போகவில்லை. மூன்றாவதும் போகவில்லை. வீட்டில் அவள் சாப்பாடு குறைந்துவிட்டது. முன்னெல்லாம் விடியற்காலையில் ஒரு மூலையில் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். என்னடி பேசுகிறாய் என்றால், சும்மா என்பாள். அதுவும் நின்றுவிட்டது. அந்த மூலையில் வெறுமனே உட்கார்ந்து எழுந்து வந்தாள். கஞ்சி ஊட்டும்போது அந்தோணிசாமி கேட்டார், "நம்ம மாலைக்கு இன்னா ஆச்சி சவுரி? யாரயோ காணாம பூட்டவ மாரி இருக்கறா."

"ஒன்னும் ஆவல. வேல கெடச்சா எல்லாம் சரியாப் பூடும்" என்றேன். எனக்கே அது சரியாகப் படவில்லை.

நாலாவது வாரம் புதன்கிழமை சாயந்தரம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. காலையிலிருந்து வீட்டை மாற்றினேன். சுவரில் இருந்த சேசுவின் திரு இருதயப் படத்தைக் கழற்றிப் பழம்புடவையில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். படம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு வீரம்மாள் அவள் வீட்டு லட்சுமி காலண்டரைக் கொண்டுவந்தாள். உரக்கடை காலண்டர். அது சின்னது. சுற்றிலும் சதுரம் தெரிந்தது. கேப்பை மாவைக் கரைத்துப் பூசிப் பார்த்தேன். இன்னும் அசிங்கமாயிற்று.

"வுடு, அதயா பாக்கப் போறாங்க?" என்றாள் வீரம்மாள். கட்டிலில் நிமிர்ந்து உட்காரத் தடுமாறிக்கொண்டிருந்த அந்தோணிசாமியின் நெற்றியில் மூன்று விரலால் திருநீறு இழுத்தாள். "நல்லாத்தான் கீது மாமா. மாப்ள கணக்கா."

"வீரா, பேரு கேட்டா இன்னா சொல்லணும் நானு?" என்றார் அவர்.

"சின்னதுரை! சின்னதுரை! பத்து வாட்டி சொல்லிட்டேன்!" என்று நான் கத்தினேன். செபமாலை உத்தரியத்தை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள். கழற்றச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வந்தவர் பெயர் சுமதிநாதன். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். ஒல்லியாக, தோளில் ஒரு பை, பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாதோ என்று எனக்குச் சுருக்கென்றது. அவர் அதைக் கவனித்துவிட்டார் போல.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. எங்களுக்குத் துணியில வடிகட்டின தண்ணிதான். தாசில்தார் வீட்டுலயும் குடிக்க மாட்டேன். பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடும் முடிச்சிடணும். ஆபீசுல பசங்க கிண்டல் பண்ணுவாங்க. இன்னா பண்றது, அப்படியே பழகிடுச்சி. அதான் ஜல்தியா முடிச்சிட்டுப் போயிடறேன்."

ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் பைலை வைத்துக் கேட்டார். பெயர், கெங்கம்மாள். குலதெய்வம், மலையனூர் அங்காளம்மா சார். வருஷா வருஷம் போவோம் சார். ஆடியில் கூழ் ஊற்றுவோம் சார். என் வாயிலிருந்து மளமளவென்று கொட்டியது. எனக்கே ஆச்சரியம், இவ்வளவு நன்றாகப் பொய் வருகிறதே என்று. சுவரைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். சதுரத்தையும் பார்த்தார். பைலின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"சின்னதுரைங்கறது?"

அந்தோணிசாமி யாரைக் கேட்கிறார் என்று வாசல் பக்கம் பார்த்தார். நான் கட்டில் காலை உதைத்தேன். "ஆங்... நான்தாங்க" என்றார்.

சுமதிநாதன் எழுதினார். பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்து என்கிற மூன்று எழுத்து எப்படி இருக்கும் என்று அந்த நாலு வாரத்தில் பழகிக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டார். செபமாலை கதவோரம் நின்றிருந்தாள். அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையெழுத்துதான் பாக்கி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவில் நடப்பதுகூடக் கண்ணில் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அந்தோணிசாமி மரியாதை செய்ய நினைத்தார். பாவி மனுஷன், கும்பிட எழுந்தார். யாரையும் பிடித்துக்கொள்ளாமல் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். கால் நிற்கவில்லை. அப்படியே முன்னால் சரிந்தார்.

"சேசு மரி சூசையே!"

கத்தினது நான்தான். ஓடிப் பிடிப்பதற்கு முன்னால் என் வாய் கத்திவிட்டது. பிள்ளை பெறும்போது கத்தினது, மண்டியிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கத்தினது, என் தாய் செத்தபோது கத்தினது, அதேதான். அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டோம். அடி பெரிதாக இல்லை. முழங்கையில் சிராய்ப்பு. நெற்றித் திருநீறு மண்ணில் அழிந்திருந்தது. அப்புறம்தான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது.

சுமதிநாதன் பேனாவைத் திறந்தபடியே நின்றிருந்தார். நல்ல மனுஷன். அவருக்கும் இது முடிந்தால் போதும் என்று இருந்திருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், "அம்மா பயத்துல ஏதோ கத்துனாங்க. எனக்குச் சரியா காதுல விழல." செபமாலை பக்கம் திரும்பினார். "அம்மா இன்னாம்மா சொன்னாங்க? ஐயோ கடவுளேன்னுதானே?"

தலையை ஆட்டினால் போதும். வாய்கூடத் திறக்க வேண்டாம். அவரே வழி வெட்டிக் கொடுத்துவிட்டார். நான் அவளையே பார்த்தேன். என் இரண்டு கையும் தானாகக் கும்பிட்டன. என் மகளைப் பார்த்து நான் கும்பிட்டேன்.

செபமாலை அழவில்லை. அவரை நேராகப் பார்த்தாள்.

"இல்ல சார். சேசு மரி சூசைன்னாங்க. எங்க வீட்டுல ஆபத்துன்னா அப்படித்தான் கூப்புடுவோம்."

சொன்னவள் அதோடு நிற்கவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து உத்தரியத்தை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டாள். சுமதிநாதன் அதைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து, எழுதின மூன்று எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

அவர் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினேன். "சார், அது சின்னப் பொண்ணு சார். வெவரம் தெரியாது சார். இந்தத் தெருவப் பாருங்க சார், இந்தத் தெருவுல இருக்கறவ எப்படி சார் வேற ஜாதி ஆவா?"

"எனக்குத் தெரியாதா அம்மா?" என்றார். "சட்டம் அப்படி இருக்குது. அந்தப் பொண்ணு சொல்லலன்னா எழுதினபடியே விட்டிருப்பேன். சொன்னதுக்கப்பறம் எழுதினா என் கை பொய் எழுதினதா ஆயிடும். அந்தப் பொண்ணு முன்னால என்னால அது முடியல." மேற்கே பார்த்தார். பொழுது சாய்ந்திருந்தது. அன்றைக்கு அவர் பட்டினிதான் போயிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் கையை ஓங்கிக்கொண்டு போனேன். செபமாலை நகரவில்லை, அடிக்கட்டும் என்று நின்றாள். ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. எதற்காக அடிப்பேன்? அவளாக வாய் திறக்கவே இல்லை. கத்தினது நான். அவள் என் வார்த்தையைத்தான் திருப்பிச் சொன்னாள். அடிக்க வேண்டியவள் நான்தான், என்னை நானே எப்படி அடிப்பது? சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். "எல்லாம் என்னாலதான் சவுரி. நான் ஏன் எழுந்தேன்?" என்று அந்தோணிசாமி கட்டிலில் படுத்தபடி திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வீட்டில் மூன்று பேருக்கும் செய்ய ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதுவும் போயிற்று.

சனிக்கிழமை சாயந்தரம் செபமாலை பாவசங்கீர்த்தனத்துக்குப் புறப்பட்டாள். நானும் போனேன். வரிசையில் அவள் முன்னால், நான் பின்னால். அவள் போய் முழங்கால் போட்டு, சீக்கிரமே எழுந்து வந்தாள். அடுத்தது நான். சாமியார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வேன்? பொய் சொன்னேன் சாமி, சரி. செய்ததற்கு வருந்தி மனஸ்தாபப்படுகிறேன் சாமி என்றும் சொல்ல வேண்டும். இனிமேல் செய்யமாட்டேன் என்றும் சொல்ல வேண்டும். எனக்கு மனஸ்தாபம் வரவில்லை. நாளைக்கே இன்னொரு ஆபீசர் வந்தால் இன்னொரு தரம் அங்காளம்மாவுக்குக் கூழ் ஊற்றுவேன், வாயை மட்டும் துணி வைத்துக் கட்டிக்கொள்வேன். இதை அந்த ஜன்னலில் எப்படிச் சொல்வது? பின்னால் நின்றவளைப் போகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிறு பூசை. மணி அடித்தது. நன்மை வாங்க எல்லாரும் எழுந்தார்கள். செபமாலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு, கைகூப்பியபடி, கீழே பார்த்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. விழுப்புரத்திலிருந்து ஆர்டர் வந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எப்படி நிற்பாள் என்று நாலு வாரமாக மனசுக்குள் ஒரு முகத்தை வைத்திருந்தேன். அதே முகம். வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை, நாளைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கப் போகிறாள், அந்த முகத்தோடு வருகிறாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிந்தது. இவளுக்கு அப்படி என்னத்தைக் கொடுத்துவிட்டார் அந்த ஆண்டவர்?

என் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டாள். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"இன்னாடி கேட்ட?" என்றேன் காதோரம். "வேற வேல கேட்டியா? அப்பாவுக்குக் கேட்டியா?"

கண்ணைத் திறந்தாள். நான் கேட்டதே அவளுக்குப் புரியவில்லை போலப் பார்த்தாள்.

"ஒன்னும் கேக்கலம்மா. மூணு வாரமா அவருகிட்ட போவவே முடியல. பக்கத்துல போயி சும்மா இருந்துட்டு வந்தேன்."

சும்மாவாம். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நான் சும்மா போனதே இல்லை. முதுகு, மருந்து, மழை, மகள், வேலை, எப்போதும் கையில் ஒரு பட்டியலோடுதான் போவேன். கண்ணை மூடி நானும் ஒரு நிமிஷம் சும்மா இருந்து பார்த்தேன். முதுகு வந்தது. மருந்து வந்தது. கோடு இழுத்த மூன்று எழுத்து வந்தது.

சாமியார் இன்னும் கிண்ணத்தோடு நின்றிருந்தார். கடைசி ஆள் வாங்கிப் போய்விட்டாள். இன்னும் யாராவது உண்டா என்று எங்கள் பக்கம் பார்த்தார். செபமாலை என் முழங்கையைத் தொட்டாள். போ என்கிறாளா, பரவாயில்லை என்கிறாளா தெரியவில்லை. எழுந்திருக்க நினைத்தேன். என்னால் முடியவில்லை. மனஸ்தாபம் இல்லாமல் அங்கே போக முடியாது, மனஸ்தாபப்பட என் பெண்ணின் வாழ்க்கை என்னை விடாது. சாமியார் கிண்ணத்தை மூடிவிட்டுத் திரும்பினார்.

"சேசு மரி சூசையே, நான் இன்னா செய்வேன்!" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். ஆனால் முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.